சட்டம் ஏதும் இல்லாத நியூயார்க்கில் ஆல்தியா கிப்சனைத் தடுத்தது யார்?

வினா: உடற்கல்வி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பு மாணவியருக்கு வாரம் ஒரு வீராங்கனையைப் பற்றிப் பேசி வருகிறேன். சென்ற வாரம் ஆல்தியா கிப்சனின் வரலாற்றைச் சொன்னேன். 1927-இல் தென் கரோலினாவின் சில்வர் என்ற சிற்றூரில் பருத்தி பயிரிட்ட குத்தகை உழவரின் மகளாகப் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்து, 1957-இலும் 1958-இலும் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் என்பது வரை பிள்ளைகள் ஆர்வத்துடன் கேட்டார்கள். அமெரிக்கத் தேசிய டென்னிஸ் போட்டியில் 1950 வரை கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஆடவில்லை என்று நான் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "தெற்கே இருந்ததுபோல் நியூயார்க்கில் நிறப் பிரிவினைச் சட்டம் கிடையாது என்றீர்களே மிஸ், அப்படியானால் அவரை யார் தடுத்தது?" என்று கேட்டாள். என்னிடம் சரியான விடை இல்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பழைய செய்தித்தாள்

அம்மா, அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். தடுத்தது அரசுச் சட்டம் அன்று. அமெரிக்க டென்னிஸ் சங்கமும் அதன்கீழ் இருந்த தனியார் கிளப்புகளும்தான். 1929-இல் ரெஜினால்ட் வியர், ஜெரால்ட் நார்மன் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்களை நியூயார்க்கில் நடந்த தேசிய இளையோர் உள்ளரங்கப் போட்டியில் ஆடவிடாமல் சங்கம் திருப்பி அனுப்பியது. கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தபோது, நிறத்தவரின் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்பது தங்கள் நடைமுறை என்று சங்கம் ஒளிவுமறைவின்றிப் பதில் எழுதியது.

பிற்காலத்தில் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய தேவைகூட அவர்களுக்கு இருக்கவில்லை. அந்நாளில் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த தேசியப் போட்டிக்குத் தகுதி பெற வேண்டுமானால், அதற்கு முன் கிழக்கு மாநிலங்களில் நடந்த புல்தரைப் போட்டிகளில் ஆடித் திறமையைக் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் போட்டிகளை நடத்தியவை வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக இருந்த கிளப்புகள். அங்கே ஆடுவதற்கு அழைப்பு வர வேண்டும். அழைப்பு வராதவர் ஆட முடியாது, ஆடாதவர் தகுதியைக் காட்ட முடியாது, தகுதி காட்டாதவரைத் தேசியப் போட்டியில் சேர்க்க முடியாது. இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் 'கறுப்பர்' என்ற சொல்லை யாரும் உச்சரிக்க வேண்டியதில்லை என்பதை மாணவியரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

1950 ஜூலையில் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் ஒரு டென்னிஸ் இதழில் எழுதிய கடிதம் இதைத்தான் போட்டு உடைத்தது. கிப்சன் தோற்கலாம், வெல்லலாம், ஆனால் அது களத்தில் முடிவாக வேண்டும் என்பதே அவருடைய வாதம். அதே கோடையில் நியூ ஜெர்சியில் ஒரு கிளப் கிப்சனை மறுத்தது, ஆரஞ்ச் கிளப் ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டு இறுதியில் அவர் ஃபாரஸ்ட் ஹில்ஸின் 14-ஆம் ஆடுகளத்தில் இறங்கி, முதல் சுற்றில் பார்பரா நாப்பை 6-2, 6-2 என்று வென்றார்.

மறுமொழி: புல்தரை

மேலே உள்ளவர் எழுதியது சரியே. ஆயினும் ஆலிஸ் மார்பிளின் கடிதமே கதவைத் திறந்தது என்று மாணவியர் எண்ணிவிடக் கூடாது. கறுப்பினத்தவர் 1916-இலேயே தங்களுக்கென்று அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷனைத் தொடங்கியிருந்தார்கள். ஹார்லெமில் கிப்சன் வீட்டு வாசலில் இருந்த 143-ஆம் தெருவைச் சிறுவர் விளையாட வண்டிகள் வராமல் அடைத்துவிடுவார்கள். அங்கே மரத்துடுப்பால் பந்தடித்துக்கொண்டிருந்த சிறுமியின் கையில் முதல் டென்னிஸ் மட்டையைக் கொடுத்தவரும், ஒரே கையுடன் பயிற்சி அளித்த ஃபிரெட் ஜான்சனும் கறுப்பினத்தவரே. 1946-இல் ஹியூபர்ட் ஈட்டன், ராபர்ட் வால்ட்டர் ஜான்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் அவரைத் தங்கள் குடும்பங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள். வட கரோலினாவின் வில்மிங்டனில் பொது ஆடுகளங்கள் கறுப்பினத்தவருக்கு மறுக்கப்பட்டதால் ஈட்டன் தம் வீட்டிலேயே ஆடுகளம் அமைத்திருந்தார். அந்த ஊரில் கறுப்பினத்தவர் பேருந்தின் பின்பகுதியில்தான் உட்கார வேண்டும் என்று அறிவிப்பு இருக்கும். கிப்சன் எவ்வளவு முன்னால் உட்கார முடியுமோ அவ்வளவு முன்னால் போய் உட்கார்ந்தார். 1947 முதல் தொடர்ந்து 10 ஆண்டுகள் கறுப்பினத்தவரின் தேசியப் பட்டம் அவரிடமே இருந்தது.

14-ஆம் ஆடுகள வெற்றியோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த சுற்றில் எதிரே நின்றவர் அந்த ஆண்டின் விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரோ. முதல் செட்டை 1-6 என்று இழந்த கிப்சன் இரண்டாவதை 6-3 என்று வென்று, மூன்றாவதில் 7-6 என்று முன்னிலையில் இருந்தபோது இடியும் மழையும் வந்தன; அரங்கின் உச்சியில் இருந்த கல் கழுகு ஒன்று மின்னல் தாக்கிக் கீழே விழுந்தது. அன்றைய விதிப்படி இரண்டு கேம் வித்தியாசத்தில் செட்டை முடிக்க இன்னும் ஒரு கேமே தேவை. இரவு முழுவதும் அந்த ஒரு கேமை எண்ணியபடி காத்திருந்த 23 வயதுப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. மறுநாள் அடுத்தடுத்து மூன்று கேம்களை வென்று 9-7 என்று பிரோ முடித்துவிட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1957-இன் அமெரிக்க இறுதியாட்டத்தில் அதே பிரோவை 6-3, 6-2 என்று கிப்சன் தோற்கடித்துப் பட்டம் வென்றார்.

வினவியவர்: உடற்கல்வி ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அழைப்பின் சுற்றைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்தே காட்டப்போகிறேன். இன்னும் ஓர் ஐயம். விம்பிள்டனில் எலிசபெத் அரசியின் கையால் பரிசு பெற்று, நியூயார்க்கில் ஊர்வலமும் கண்ட பிறகாவது இந்தத் தடைகள் நீங்கினவா?

மறுமொழி: பழைய செய்தித்தாள்

நீங்கவில்லை, அம்மா. அந்த ஊர்வலம் முடிந்த அதே மாதத்தில் சிகாகோ பகுதியில் ஒரு போட்டிக்குச் சென்றபோது, விடுதிகள் அவருக்கு அறை தர மறுத்தன. பணமும் கைக்கு வரவில்லை. அன்றைய டென்னிஸ் அமெச்சூர் ஆட்டம், சாம்பியனுக்குக் கோப்பை உண்டு, பரிசுத் தொகை கிடையாது. 11 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்ற பிறகும் பிழைப்புக்காக, ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்துக் குழுவின் ஆட்டங்களுக்கு இடையே காட்சி டென்னிஸ் ஆடினார். 1964-இல் 37-ஆம் வயதில் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சுற்றில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணானார். சில கிளப்புகள் அவரை ஆடவே விடவில்லை. ஆட விட்டவற்றிலும் பல இடங்களில் கிளப் கட்டடத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், விம்பிள்டன் சாம்பியன் தம் காருக்குள் உட்கார்ந்து உடையும் காலணியும் மாற்றிக்கொண்டு ஆட வந்தார்.

தம்மை ஓர் இனத்தின் பிரதிநிதியாக நிறுத்துவதை அவர் விரும்பவில்லை, அதற்காகக் கறுப்பின இதழ்களே அவரைக் கண்டித்தன என்பதையும் சொல்லுங்கள். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டத்தை ஆடவே இத்தனை வாசல்களில் நிற்க வேண்டியிருந்தவரிடம் இன்னொரு சுமையையும் கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

1990-களில் நோயும் வறுமையும் அவரைச் சூழ்ந்தபோது, 1956-இல் அவரோடு விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற ஆங்கிலேய யூதப் பெண் ஆஞ்செலா பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தார். பக்ஸ்டனும் யூதர் என்பதால் கிளப்புகளில் ஒதுக்கப்பட்டவர். கிப்சன் முதல்முறை ஆசியச் சுற்றுப்பயணம் வந்தபோது இந்தியாவில்தான் இருவரும் நண்பர்களானார்கள். பக்ஸ்டனின் முயற்சியால் ஒரு டென்னிஸ் இதழில் வேண்டுகோள் வெளியாகி, உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ 10 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. 2003 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில் கிப்சன் காலமானார்.