புறாத்தீவில் சுறாவைக் கண்ட காலை

நான் சுறாவை நேரே கண்டது நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவில், நெஞ்சளவுத் தண்ணீரில். திருகோணமலையிலேயே வளர்ந்தும், அந்தத் தீவைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. போன ஆடியில் தங்கச்சி குடும்பம் வவுனியாவிலிருந்து வந்தபோதுதான் வெளிக்கிட்டோம்.

கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், படகில் கொஞ்ச நேரம். 2003 இல் தேசியப் பூங்காவாக்கிய இடம், அதனால் டிக்கட் எடுக்க வேண்டும். ஆள் குடியிருப்பு கிடையாது. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள்தான் குடியிருக்கின்றன.

இறங்கியதும் காலில் குத்தியது உடைந்த முருகைக்கல், அதாவது பவளப்பாறை. விரல் மொத்தத்தில் வெள்ளைத் துண்டுகள் கரையெல்லாம் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஊசியால் குத்தினது போலச் சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு உயிர் இருந்திருக்கிறது.

"அக்கா, முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு மிதவுங்கோ. காலை மட்டும் கீழ ஊன்றாதேங்கோ" என்றார் படகுக்காரத் தம்பி.

கிளிமீன்களைப் பார்த்துக்கொண்டு மிதந்தபோது மருமகன் என் கையை இறுக்கிப் பிடித்தான். திரும்பினால், நாலடி நீளத்தில் அது. முதுகுச் செட்டையின் நுனி மையில் தோய்த்தது போலக் கறுப்பு. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அது எங்களைச் சுற்றி ஒரு வளைவு எடுத்து, வாலை ஒருமுறை அசைத்துவிட்டுப் போயே போய்விட்டது. கறுப்பு நுனிச் சுறா, சின்ன மீன் தேடி ஆழமில்லாத இடத்துக்கு வருவது. ஆளைக் கண்டால் அதுதான் ஒதுங்கும். பார்க்க விரும்பினால் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில், காலையிலேயே போங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் விடாது.

அப்புறம், சுறாவைவிட மனதில் நிற்பது வேறொன்று. பெரிய உருண்டை முருகைக்கல் ஒன்றின் மேல் இரண்டு பெடியள் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வகை வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும். அவர்கள் பிறக்க முன்னமே அது அங்கே இருந்திருக்கும். பொறுக்க முடியாமல் நீந்திப்போய்ச் சொன்னேன்.

"கல்லுத்தானே அக்கா?" என்றான் ஒருவன்.

என் நீச்சல் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, "குனிஞ்சு பார் தம்பி" என்றேன். இறங்கிப் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான். கண்ணாடி என் கைக்குத் திரும்பி வர அரை மணித்தியாலம் ஆயிற்று.