மறு: வடிகாலில் ‘சர்சார்ஜ்’ – விம்முநிலை என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வடிகால் வேலையின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே வருகிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் வேறு வேலை வந்துவிடுகிறது. இன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘ஸ்டார்ம் ஸூவர்’ என்பதைப் ‘புயல் சாக்கடை’ என்று போட்டிருக்கிறேன், சரிதானா?

வேண்டாம் ஐயா. அங்கே ‘ஸ்டார்ம்’ என்பது புயல் அல்ல, ஒரு தடவை பெய்து ஓய்கிற மழை. ‘மழைநீர் வடிகால்’ ஏற்கெனவே ஊறிப்போன சொல், அதையே வைத்துக்கொள்வோம். சாக்கடை என்றால் வீட்டுக் கழிவுநீர்தான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே குழாயில் ஓடுகிற பழைய அமைப்புகளை, லண்டனில் பொறியாளர் பேசல்ஜெட் 1860-களில் கட்டியதைப் போன்றவற்றை, ‘கூட்டுச் சாக்கடை’ எனலாம்.

> ‘சர்சார்ஜ்’: மேல்வரி? மேற்சுமை? மிகையேற்றம்?

இதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன். வடிகால் குழாய் நிறைந்து அழுத்தத்துக்குப் போகிற நிலைக்கு ஆங்கிலத்தில் சர்சார்ஜ் என்று பெயர். கூடுதல் வரிக்கும் அதே சொல்தான். வடிகால்களைப் பெரிதாக்கும் திட்ட அறிக்கை ஒன்றின் தமிழாக்கம் ஒருமுறை என் மேசைக்கு வந்தது. வரைபடத்தில் பாதித் தெருக்கள் சிவப்பு. குறிப்பில், ‘மேல்வரி விதிக்கப்பட்ட குழாய்கள்’. குழாய்க்கு யார் வரி போட்டார்கள் என்று சிரித்துவிட்டுத் திருத்தப் போனேன். என்ன சொல்லால் திருத்துவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன். முதல் குற்றவாளி நானும்தான்.

மேற்சுமை வேண்டாம். தடுப்புச்சுவரின் பின்னால் மண்மேல் ஏற்றும் பாரத்துக்கு அதே ஆங்கிலச் சொல்தான், அதற்கு மேற்சுமை கச்சிதமாகப் பொருந்துகிறது. வடிகால் வேலையிலும் அந்தச் சுவர் வரும், ஒரே பக்கத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும். மிகையேற்றம் என்றால் பேட்டரி நினைவு வருகிறது.

> ததும்பல் அல்லது பொங்கல் போதாதா? தண்ணீர் மேலே வருகிறது, அவ்வளவுதானே.

இல்லை. இங்கேதான் நிதானிக்க வேண்டும். மழை கூடக்கூடக் குழாயில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் தண்ணீர் பாதி உயரத்துக்கு ஓடுகிறது, மேலே காற்று. மூடிபோட்ட வாய்க்கால்தான் அது. பிறகு நிறைகிறது. அதற்கும் மேல் தண்ணீர் வந்தால் குழாயின் கூரை தடுக்கிறது, உயர வழியில்லை. மேன்ஹோல்களில் மட்டும் வழி உண்டு, அங்கே ஏறி நிற்கிறது. (மேன்ஹோலுக்கு என்ன சொல் என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) ஏறி நிற்கிற அந்தத் தண்ணீர் பின்னாலிருந்து அழுத்துவதால், கீழே தடை இல்லாவிட்டால், குழாய் தன் சரிவுக்கு உரிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கடத்துகிறது. இதுதான் சர்சார்ஜ். இந்த நேரத்தில் தெரு மழையில் நனைந்திருக்குமே தவிர, குழாயிலிருந்து ஒரு சொட்டு வெளியே வந்திருக்காது. மூடிவரை ஏறி அதையும் தாண்டினால்தான் தெருவில் வெள்ளம்.

ததும்பலும் பொங்கலும் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு உரியவை. அதற்கு முந்தைய சர்சார்ஜ் கட்டத்துக்கு அவற்றைப் போட்டால், மழையைத் தாங்கிக்கொண்ட தெருவும் மூழ்கிய தெருவும் வரைபடத்தில் ஒன்றாகிவிடும். படிப்பவர் சிவப்பைக் கண்டு பயந்து, தோண்ட வேண்டாத இடத்தைத் தோண்டச் சொல்வார்.

> அப்படியானால் ‘அழுத்தப் பாய்வு’ என்றே சொல்லலாமே? எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் பம்பு வைத்துத் தள்ளும் குழாய்க்கும் அதுதான் பெயர். அந்தக் குழாய் அழுத்தத்தில் ஓடவே செய்யப்பட்டது. வடிகால் சரிவில் ஓடச் செய்யப்பட்டு, தாங்க முடியாமல் அழுத்தத்துக்குப் போகிறது. அந்தத் தவிப்பு சொல்லில் தெரிந்தால் நல்லது. ‘மிகைநிறைவு’ எழுதிய நண்பருக்கும் ஒரு வார்த்தை: வட்டக் குழாய் முழுக்க நிறைவதற்குச் சற்று முன்பே, விட்டத்தில் ஏறத்தாழ 94 விழுக்காடு உயரத்தில், மிக அதிகமாகக் கடத்துகிறது. நிறைந்ததும் கூரையின் உராய்வும் சேர்ந்து 7 விழுக்காடு போல் குறைந்துவிடும். ஆகவே நிறைவை அளவுகோலாக்கிச் சொல் கட்டினால் படிப்பவர் தடுமாறுவார்.

என் பரிந்துரை: விம்முநிலை. வினை, விம்மு.

விம்முதல் என்றால் உள்ளே நிறைந்து, இறுகி, புடைத்து நிற்பது. நெஞ்சு விம்முகிறது என்கிறோம், கண்ணீர் இன்னும் வெளியே வரவில்லை. குழாயும் அப்படியே. ‘நேற்று மழையில் இந்தக் குழாய் அரை மணி நேரம் விம்மியது, வழியவில்லை’ என்று ஒரு களப்பணியாளர் சொன்னால் விளக்கம் தேவையில்லை.

பெருமழையில் மேன்ஹோல் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது கேட்டே தெரியும். முதலில் மூடியின் துளை வழியாகக் காற்று ‘உஸ்’ என்று வரும். அப்புறம் மூடி கடகடவென்று ஆடும். தண்ணீர் தெரிவது கடைசியில்தான். 60 செ.மீ. விட்டமுள்ள மூடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதன் அடிமட்டத்துக்கு 20 செ.மீ. மேலே நிற்கும் அளவுக்கு நீரழுத்தம் இருந்தால், மூடியை மேலே தள்ளும் விசை சுமார் 56 கிலோ எடைக்குச் சமம். மூடி ஏன் கழன்று போகிறது, நீருக்குள் நடப்பவர் ஏன் அந்தக் குழியில் விழுகிறார் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மழை விட்ட மறுநாள் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், உள்சுவரில் இலைத்துணுக்கும் பிளாஸ்டிக் கிழிசலும் ஒட்டி ஒரு கோடு தெரியும். தண்ணீர் அதுவரை ஏறியது என்று பொருள். அதை ‘விம்மல் கோடு’ என்று எழுதினால் மேலும் ஒரு வாக்கியம் மிச்சம்.

> கேட்க நன்றாக இருக்கிறது அண்ணா. ஆனால் இதிலிருந்து கிளைச்சொற்கள் பிறக்குமா? பிறக்காத சொல்லை வைத்து என்ன செய்வது?

நல்ல கேள்வி. சோதித்தும் பார்த்தேன். விம்முநிலையில் இரண்டு வகை உண்டு, எந்தக் குழாயை மாற்றுவது என்பதே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மேன்ஹோல்களில் நிற்கும் நீர்மட்டங்களை இணைத்து ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு குழாயின் சரிவைவிடச் செங்குத்தாக இருந்தால், வருகிற நீருக்கு அந்தக் குழாய் போதவில்லை. இது தன்விம்மல். கோடு குழாயைவிடப் படுத்தாற்போல் இருந்தால், குழாயில் குறையில்லை. கீழே எங்கோ தண்ணீர் முட்டி நிற்கிறது. ஆறு ஏறி வெளிவாயை அடைத்திருக்கலாம், நான்கு தெரு தள்ளி ஒரு குறுகிய குழாய் இருக்கலாம், மண் சேர்ந்திருக்கலாம். இது முட்டுவிம்மல்.

தன்விம்மல் என்றால் குழாயைப் பெரிதாக்கலாம், பலனும் பெரிது. அதே சரிவில் 600 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு 900 போட்டால் கடத்தும் நீர் ஒன்றரை மடங்கு அல்ல, ஏறக்குறைய 3 மடங்கு. முட்டுவிம்மலுக்கு அதே 900-ஐப் போட்டால் பணம் மண்ணுக்குள் போனதுதான் மிச்சம். மேல்தெருவில் மட்டும் பெரிதாக்கினால் இன்னும் மோசம்: அதுவரை அங்கே தேங்கி மெதுவாக வந்த நீர் ஒரேயடியாக இறங்கி, கீழ்த்தெருவில் மூடியைத் தூக்கும். முட்டுவிம்மலுக்கு வேண்டியது கீழிருந்து மேலாகத் திருத்திக்கொண்டு போவது, அல்லது உச்ச நேரத்து நீரைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி.

> ‘எதுக்களிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதை ஏன் தள்ளிவிட்டீர்கள்?

தள்ளவில்லை, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். கூட்டுச் சாக்கடை விம்மும்போது கழிவுநீர் திரும்பி, வீட்டின் தரைத்துளை வழியாக உள்ளே வருகிறதே, அதற்கு எதுக்களிப்பைவிட நல்ல சொல் கிடைக்காது. அதைத் தடுக்கும் ஒருவழிக் கதவுக்கு ‘எதுக்களிப்புத் தடுப்பான்’. வயிற்று மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

> ‘விம்மல்’ என்றால் அழுகைதானே? அறிக்கையில் எழுதினால் சிரிப்பார்களே.

முதல் வாரம் சிரிப்பார்கள். ‘மேல்வரி விதிக்கப்பட்ட குழாய்’க்கும் சிரித்தோம், ஆனால் பொருள் புரியவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: தலைப்பிலும் அட்டவணையிலும் ‘விம்முநிலை’ என்றே முழுதாக எழுதுங்கள். ‘விம்மல்’ என்ற குறுக்கத்தைக் கூட்டுச்சொற்களில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பழைய வரைபடத்தின் குறிப்பை இப்படி மாற்றியிருக்கிறேன். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்:

பச்சை – பகுதிப்பாய்வு, நிறைபாய்வு.
மஞ்சள் – முட்டுவிம்மல் (கீழே உள்ள குழாய்களைப் பார்க்க).
ஆரஞ்சு – தன்விம்மல் (குழாய் போதாது).
சிவப்பு – வழிவு.

சிவப்பு இப்போது ஏழு தெருக்களில்தான் இருக்கிறது.