புதுப்பிப்பு: ஆய்வுத் தலைப்பு முடிவாகிவிட்டது

மருத்துவ வரலாற்றில் மாணவர் ஆய்வுக்கு ஏற்ற தலைப்பு எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் மேதைகளின் வாழ்க்கையைப் பரிந்துரைத்தீர்கள். நான் தேர்ந்தெடுத்தது ஒரு கருவியை: வெப்பமானி.

ஒரு காலத்தில் நீண்ட கண்ணாடிக் குழாயை நோயாளியின் அக்குளில் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1866-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் கிளிஃபர்ட் ஆல்பட் அதை ஏறத்தாழ 6 அங்குலமாகச் சுருக்கினார். 5 நிமிடம் போதுமென்றானது. 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிக், காய்ச்சல் தனி நோயல்ல, நோயின் அறிகுறியே என்று விரிவாக எழுதினார்.

நெற்றியைத் தொட்டறிந்த கையைவிட வெப்பமானி காட்டிய எண்ணை மக்கள் எப்படி நம்பத் தொடங்கினார்கள்? இதுதான் என் கேள்வி. நோயாளிகளின் பழைய வெப்பநிலை அட்டவணைகள் பெரும் புதையல்! அளவெடுத்துக் குறித்த செவிலியர்களைப் பற்றி வரலாறு அதிகம் பேசவில்லை; முதல் அத்தியாயம் அவர்களுக்குத்தான்.