மிளகுக் கொடி: பாதி அழுகியது, மிச்சம் ஏறவே மாட்டேன் என்கிறது

புசல்லாவைத் தம்பி:
வணக்கம். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் மிளகு ஏற்றலாம் என்று கிளிசிரிடியாக் கம்பு 20 ஊன்றியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கமுகில் கொடி காடாய்க் கிடக்கும்போது கன்றுக்குக் காசு கொடுப்பானேன் என்று, அதிலேயே 30 துண்டு வெட்டினேன். மூன்று வருடம் தேயிலைத் தவறணையில் (நாற்றுமேடையில்) நின்றவன், அந்தப் பழக்கத்திலேயே செய்தேன். இலையைத் தொடாமல் வெட்டி, பையில் வைத்து, மேலே பொலித்தீன் கூடாரம், தினமும் தண்ணீர். 24 துண்டு அடி கறுத்து அழுகிவிட்டன. பிழைத்த 6 துண்டும் துளிர்த்தன, ஆனால் ஏழு மாதமாகியும் கம்பைப் பிடிக்கவில்லை. சாய்த்துக் கட்டினாலும் பக்கவாட்டில் கிளைத்துச் செடி மாதிரிக் குந்திக்கொண்டிருக்கின்றன. மண் பிழையா, குளிரா?

மாத்தளை அண்ணன்:
இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். காய் தொங்கிய கிளையில்தானே வெட்டினீர்கள்?

புசல்லாவைத் தம்பி:
ஆமாம் அண்ணா. நல்லாகக் காய்த்த கிளையாகப் பார்த்துத்தான் வெட்டினேன். அதுதானே நியாயம்?

மாத்தளை அண்ணன்:
மாமரத்துக்கு நியாயம், மிளகுக்கு இல்லை! மிளகில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு குணம். மரத்தைப் பிடித்து நேரே மேலே போகிற தாய்க்கொடி ஒன்று. அதிலிருந்து பக்கத்தில் நீட்டிக்கொண்டு காய்க்கிற கிளை இன்னொன்று. அடியில் கிளம்பித் தரையில் ஓடுகிற கொடி மூன்றாவது. காய்க்கிற கிளைக்கு ஏறத் தெரியாது. வேர் பிடிப்பதே கஷ்டம், பிடித்தாலும் ஆயுளுக்கும் புதராகத்தான் நிற்கும். கணுவைத் திருப்பிப் பாருங்கள். ஏறுகிற கொடியின் கணுவில் இரண்டு நாள் தாடி மாதிரிக் குட்டை வேர் சொரசொரவென்று இருக்கும். காய்க்கிற கிளையின் கணு மொழுமொழுவென்று இருக்கும்.

நீங்கள் தேட வேண்டியது தரைக்கொடி. அதை மண்ணில் ஓட விடாமல் தாய்ச்செடி அடியில் ஒரு குச்சி நட்டுச் சுருட்டிக் கட்டிவையுங்கள். மண்ணில் கிடந்தால் கண்ட இடத்தில் வேர்விடும், நோயும் ஒட்டும். பெப்ரவரி, மார்ச்சில் எடுத்து, நுனியில் இளசையும் அடியில் முற்றியதையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் 2, 3 கணுவாக வெட்டுங்கள். இலையைக் கிள்ளி, காம்பில் கொஞ்சம் விடுங்கள். ஜூன் மழைக்கு நடத் தயாராகிவிடும். காய் பார்க்க மூன்றாம் வருடமாகும், அவசரப்படாதீர்கள்.

நாவலப்பிட்டி அக்கா:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் அழுகலுக்குக் கிளை மட்டும் காரணமில்லை தம்பி. வெறும் மண்ணை அடைத்து, கூடாரத்துக்குள் தினமும் தண்ணீர் ஊற்றினால் எந்தக் கொடியும் அழுகும். நான் மேல்மண், மணல், மாட்டெரு, தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) நான்கையும் சம அளவில் கலப்பேன். பொலித்தீனின் உள்பக்கம் முத்து முத்தாய் வேர்த்திருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அழுகிய துண்டை மண்ணோடு தூரக் கொட்டுங்கள், அந்தப் பையைத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

நிறையக் கன்று வேண்டுமென்றால் மூங்கில் முறை இருக்கிறது. நம் இலங்கையில் உருவானது, அப்புறம் இந்தியாவில் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டார்கள். பிளந்த மூங்கிலைச் சாய்த்து வைத்து, உள்ளே தும்புத்தூளும் எருவும் நிரப்பி, வேர்விட்ட கன்றை அதில் ஏற்றுங்கள். கொடி வளர வளரக் கணுவை வாழைநாரால் அமுக்கிக் கட்டினால் கணுவுக்குக் கணு வேர்விடும். 3, 4 மாதத்தில் உச்சியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, அடியில் மூன்று கணு விட்டு அதற்கு மேல் தண்டை நசுக்கிவிடுங்கள். பத்து நாளில் கணுக்கண் விழிக்கும். அப்போது நசுக்கிய இடத்தில் அறுத்து, ஒவ்வொரு கணுவையும் வேரோடு பையில் வையுங்கள். மிஞ்சிய அடிக்கட்டை திரும்பத் துளிர்க்கும்.

நுவரெலியாவிலிருந்து:
இங்கே வருமா?

மாத்தளை அண்ணன்:
அந்தக் குளிரில் மிளகு வேண்டாம். கரட்டே போடுங்கள்.

புசல்லாவைத் தம்பி:
இன்று காலை கமுகடியில் போய்ப் பார்த்தேன். தரைக்கொடி ஒன்றுகூட இல்லை. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டால், "அதுவா, மாதா மாதம் புல்லோடு சேர்த்துச் சுரண்டிவிடுவேனே" என்கிறார். இனிமேல் சுரண்ட வேண்டாமென்று கெஞ்சி, குச்சியும் நட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த 6 கன்றையும் பிடுங்கிவிடட்டுமா?

மாத்தளை அண்ணன்:
ஐயோ, பிடுங்காதீர்கள். பெரிய சாடியில் மாற்றி எரு போட்டு, குசினி வாசலில் வையுங்கள். புதர் மிளகு என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். உங்கள் கொடி ஏறுவதற்கு முன்னாலேயே அது காய்த்துவிடும்.

புசல்லாவைத் தம்பி:
ஒன்றில் விரல் நீளத்துக்குப் பச்சையாய் ஏதோ தொங்குகிறது. புழு என்று தட்டிவிடப் பார்த்தேன், மிளகுச் சரம்!