கடைமடைப் பெண்களின் மனச்சோர்வு ஆய்வு: நாலு துறையை ஒரே கேள்வித்தாளில் அடைக்க முடியுமா?

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். திருவாரூர் பக்கம்தான் நான், சமூகப்பணி முடித்துவிட்டு முனைவர் பட்டத்தில் இரண்டாம் வருடம். கடைமடை ஊர்களில் (ஆற்றுப் பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்கள்) வயல் கூலிக்குப் போகும் பெண்களின் மனச்சோர்வு பற்றி ஆய்வு. பல்துறை ஆய்வாக இருந்தால் நல்லது என்று கைடு சொன்னதால் உளவியல், பொருளாதாரம், மானிடவியல், மருத்துவம் என்று நாலு துறை ஆட்களிடமும் போய் நின்றேன். ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் ஒட்டினேன், கேள்வித்தாள் 11 பக்கம் ஆகிவிட்டது. போன வாரம் ஒரு ஊரில் முன்னோட்டம் பார்த்தபோது ஒரு அக்கா மூன்றாம் பக்கத்திலேயே "நடவுக்கு நேரமாச்சும்மா, நீ எழுதிக்க" என்று எழுந்து போய்விட்டார். நாலு துறையையும் சேர்த்து ஒழுங்காகச் செய்த ஆய்வு நம் பக்கம் ஏதாவது இருக்கிறதா? எதை வெட்டலாம்?

கணக்குப்பிள்ளை:
நான் பொருளாதாரம். 2013இல் சயன்ஸ் இதழில் வந்த கரும்பு விவசாயிகள் ஆய்வைப் படித்துவிடுங்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 பேர். ஆனந்தி மணியும் செந்தில் முல்லைநாதனும் பொருளாதாரக்காரர்கள், எல்தார் ஷாஃபிரும் ஜியாயிங் ஜாவும் உளவியல்காரர்கள். அதில் உளவியலுக்கு ஒரு அத்தியாயம், பொருளாதாரத்துக்கு ஒரு அத்தியாயம் என்று பிரிக்கவே முடியாது, ஏனென்றால் கேள்வியே ஒன்றுதான்: கையில் காசில்லாத நேரத்தில் அதே மனிதரின் யோசிக்கும் திறன் குறைகிறதா? ஒரே ஆளைக் கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள், வெட்டுக்கு முன்பு மதிப்பெண் குறைவாக வந்தது. இரண்டாம் முறை பழகிப்போய் நன்றாகச் செய்திருப்பார்களோ என்று யாராவது கேட்பார்கள் அல்லவா, அதற்காக 100 பேரை முதல் சுற்றில் விட்டுவிட்டு வெட்டுக்குப் பிறகுதான் முதல் தடவையாகச் சோதித்தார்கள். வெட்டு எல்லோருக்கும் ஒரே மாதத்தில் நடப்பதில்லை என்பதால் வெயில், பண்டிகை போன்றவற்றின் பாதிப்பையும் ஓரளவு பிரித்துப் பார்க்க முடிந்தது. அது மனச்சோர்வு ஆய்வு இல்லை, அதை மறந்துவிடாதீர்கள். ஆனால் அமைப்பை அப்படியே எடுக்கலாம், சம்பா அறுவடைக்கு முன், பின்.

வரப்புமேடு:
கணக்குப்பிள்ளை தம்பி சொல்வது நிலம் வைத்திருப்பவனுக்குச் சரி. அவனுக்கும் முழுக்கச் சரியில்லை, கதிர் அறுத்த அன்றைக்கா காசு வருகிறது? கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் காயப்போட்டு, மழை வந்தால் தார்பாய் தேடி, ராத்திரி அங்கேயே படுத்துக் காவல் காத்து... அந்த வாரத்தில் போய் "தூக்கம் வருகிறதா" என்று கேட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் நோயாளிதான்.

ஆனால் இந்தப் பெண் கேட்பது கூலிக்குப் போகிறவர்களைப் பற்றி. அறுப்பு மிஷின் வந்த பிறகு அறுவடையில் அவர்களுக்கு என்னம்மா வேலை இருக்கிறது? அவர்கள் கையில் காசு புரள்வது நடவிலும் களையெடுப்பிலும், அப்புறம் பங்குனி வாக்கில் உளுந்து, பயறு எடுக்கும்போதும். நடவிலும் இப்போது நேரடி விதைப்பு வந்து பாதி போய்விட்டது. சித்திரை தொடங்கி மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும் வரை நூறுநாள் வேலையை விட்டால் ஒன்றுமில்லை, ஜூன் 12 திறந்தாலும் கடைமடைக்கு அது எப்போது வரும் என்பது வேறு கதை. அறுவடையை வைத்து அளந்தால் முதலாளி மனசைத்தான் அளப்பாய்.

இன்னொன்று. குழுக்கடன் கட்டுகிற கிழமை எது என்று கேள். செவ்வாய் தவணை என்றால் திங்கட்கிழமை அந்தத் தெருவில் யாரும் சிரிப்பதில்லை.

வார்டு_அக்கா:
மனநல நர்ஸ், 14 வருடமாக ஊர் ஊராகப் போகும் முகாம் டியூட்டி. வரப்புமேடு ஐயா சொன்ன தூக்கத்தைப் பிடித்துக்கொள்கிறேன். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளை நீங்கள் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன் (எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள்). ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும் கேட்கும். அதில் தூக்கம், பசி, அசதி மூன்றும் உடம்பு சம்பந்தப்பட்டவை. நடவுக்குப் போய்விட்டு வந்த, ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்கு அசதி இல்லாமல் இருக்குமா? ஹீமோகுளோபின் பார்க்காமல் அந்த மதிப்பெண்ணை மனச்சோர்வு என்று எழுதாதீர்கள். தைராய்டும் பார்க்க முடிந்தால் நல்லது. மருத்துவம் என்று தனியாக இரண்டு பக்கம் வேண்டாம், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும்.

மொழிபெயர்ப்பையும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "நம்பிக்கையின்மை" என்று எந்த அக்கா சொல்கிறார்? "நெஞ்சு படபடங்குது", "மனசு விட்டுப் போச்சு", "ஒன்னும் ஓடல" என்றுதான் என்னிடம் வருவார்கள். உங்கள் மானிடவியல் ஆளை முதல் மாதமே இதற்கு உட்காரவையுங்கள், கடைசியில் விளக்கம் எழுத மட்டும் கூப்பிடாதீர்கள்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். ஒருவர் ஆமாம் என்றால் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. அன்றைக்கே யாரிடம் அனுப்புவீர்கள், யார் கூடப் போவார்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸில் (14416) தமிழிலும் பேசுவார்கள், ஆனால் எண்ணை எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

நாகூர்க்காரன்:
"முதலில் எங்கே காட்டினீர்கள்" என்ற கேள்வியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். எங்கள் பக்கம் தர்கா, திருச்சிப் பக்கம் குணசீலம் கோயில், ஆஸ்பத்திரி அப்புறம்தான். 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. தமிழ்நாட்டிலேயே முத்துசாமி கோயில் என்ற இன்னொரு கோயிலில் மனநலக் குறைக்காகத் தங்கிய 31 பேரை மனநல மருத்துவரும் மானிடவியல் தெரிந்தவரும் சேர்ந்து பார்த்தார்கள், நோய்க்குறி மதிப்பெண் சுமார் 20 சதவீதம் குறைந்தது. ஒப்பிட வேறு குழு இல்லை என்பதால் கோயிலே குணமாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே பெரிய சடங்கு எதுவும் இல்லை, நெருக்காமல் தங்கவிட்டார்கள் என்பதை மருத்துவர் மட்டும் போயிருந்தால் எழுதியிருப்பாரா என்பது சந்தேகம்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, அறுவடை விஷயத்தில் நல்லவேளை இப்போதே மாட்டிக்கொண்டேன், நானும் தை மாதத்தைத்தான் குறித்து வைத்திருந்தேன். இப்படி மாற்றினால் சரியா: அதே பெண்களை ஐப்பசி நடவில், பங்குனி உளுந்தில், வைகாசியில் என மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் ஒன்பது கேள்வி, அந்த வாரக் கூலி, தவணைக் கிழமை, முதல் தடவை ஹீமோகுளோபின். இரண்டு பக்கத்துக்குள் வந்துவிடும். கைடு மற்ற ஒன்பது பக்கம் எங்கே என்று கேட்பார்.

வரப்புமேடு:
வைகாசியில் வெயிலுக்கு முன், காலை ஏழு மணிக்குள் போ. அப்புறம் நூறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். கைடையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வா.