எதை எடுத்தாலும் 100 ரூபா: பழைய புத்தகக் குவியலில் எப்படித் தேடுவது?

உப்புவெளியான்:
திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஒரு கடையைக் காலி பண்ணுகிறார்கள். சாக்கு விரித்துப் பழைய புத்தகங்களைக் கொட்டியிருக்கிறார்கள், எதை எடுத்தாலும் 100 ரூபா, மூன்று எடுத்தால் 250. நேற்று ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து கிளறினேன். கோழி வளர்ப்பு, சோதிடம், அட்டை போன மாதநாவல்கள், ஆங்கிலத்தில் டீசல் எஞ்சின் கைநூல், நடுவில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம் ஒன்று. தலை சுற்றி, ஒன்றும் எடுக்காமல் வந்துவிட்டேன். சனிக்கிழமை திரும்பப் போகிறேன், எதைப் பார்த்து எடுப்பது? வீட்டுக்குப் பூச்சி வரும் என்று அம்மா இப்பவே சண்டை.

கோட்டையடி:
மாஸ்கோ புத்தகத்தை ஏன் தம்பி விட்டுவிட்டு வந்தீர்? சோவியத்து போனதோடு அந்தத் தமிழ்ப் பதிப்புகளும் நின்றுவிட்டன, முதலில் அதை எடும். பிறகு வீரகேசரிப் பத்திரிகைக்காரர் போட்ட பிரசுரங்களைத் தேடும். எழுபதுகளில் இந்தியப் புத்தக இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது நம்மவர்களின் நாவல்கள் மலிவு விலையில் நிறைய வந்தன. மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையின் பழைய இதழ் கண்ணில் பட்டால் அட்டை இல்லாவிட்டாலும் விடாதேயும்.

ஒன்று, காசு கொடுக்க முன் கடைசிப் பக்கத்தைப் பாரும். நான் ஒருமுறை துப்பறியும் நாவல் வாங்கி இரவிரவாக வாசித்தால், கொலைகாரன் பெயர் வருகிற இடத்தில் பக்கமே இல்லை. பெரிய தாளை மடித்துப் பாரம் என்கிற சிறு கட்டுகளாகத் தைப்பதால் நூல் அறுந்தால் எட்டு, பதினாறு பக்கம் சேர்ந்துதான் கழரும். நடுவிலும் இலக்கங்களை ஓட்டிப் பாரும்.

மூதூர் ரீச்சர்:
அம்மா சொல்வதும் சரிதான் தம்பி, கடற்கரை ஈரத்துக்கு ராமபாணம் என்கிற புத்தகப் பூச்சி நன்றாகப் பெருகும். கொண்டுவந்ததும் அலுமாரியில் வைக்காமல் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு கிழமை பிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்க வேண்டாம், குளிர் போக ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் தாள் வியர்த்துவிடும். பூஞ்சணத்துக்கு இது சரிவராது, அந்த மணம் அடிக்கிற புத்தகத்தைத் தொடவே வேண்டாம். வெயிலில் காயப்போட்டால் பழைய தாள் அப்பளம் மாதிரி முறுகும். பிள்ளைகளுக்கென்று பழைய பரீட்சைப் புத்தகமும் வாங்காதீர்கள், பாடத்திட்டம் மாறியிருக்கும்.

வாடைக்காத்து:
உள்ளூர்ப் பதிப்பு எது கிடைத்தாலும் நூலகம் என்ற இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களை ஸ்கேன் பண்ணி இலவசமாகப் போடுகிறார்கள். அங்கே இல்லாததென்றால் நீங்கள் எடுத்தது சும்மா புத்தகமில்லை.

உப்புவெளியான்:
போய் வந்தேன். மாஸ்கோ புத்தகத்தை யாரோ கொண்டுபோய்விட்டார்கள், கோட்டையடி அண்ணா, அது நீங்கள் இல்லைத்தானே? ஆறு எடுத்தேன், 500 ரூபா. மூன்று மல்லிகை, இரண்டு வீரகேசரி, கோழி வளர்ப்பு அம்மாவுக்கு. அறக்குளா மீன் துண்டுகளை ஒதுக்கி அவரே பிரீசரில் இடம் தந்தார், கோழிப் புத்தகத்தை மட்டும் உள்ளே வைக்க விடவில்லை, வாசித்துக்கொண்டிருக்கிறாராம்.