ஜனவரியில் சைபீரியா, ஜூலையில் அசோர்ஸ்: உயர் அழுத்தம் இடம் மாறுவது ஏன்?

கேள்வி: வட அரைக்கோளத்துக்கு மாதச் சராசரி கடல்மட்ட அழுத்த வரைபடம் போட்டேன். ஜனவரியில் மங்கோலியாவில் 1035 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) என்ற உயர் அழுத்தம். ஜூலையில் அதைக் காணோம். கணக்கில் பிழையா?

பதில் 1: பிழையில்லை. அது குளிர்காலத்துச் சைபீரிய உயர் அழுத்தம். பனி மூடிய நிலம் நீண்ட இரவுகளில் வெப்பத்தை இழக்க, அடிக்காற்று குளிர்ந்து கனத்துத் தேங்குகிறது. அந்தக் குளிர்காற்று அடுக்கின் ஆழம் குறைவு, 500 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் (சுமார் 5.5 கி.மீ. உயரம்) தேடினால் அகப்படாது. அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுகள் பக்கம் ஜூலையில் தெரியும் உயர் அழுத்தம் வேறு ரகம்: ஹாட்லி சுழற்சியில் (நிலநடுக்கோட்டருகே எழும் காற்று துணைவெப்பமண்டலத்தில் இறங்கும் சுழற்சி) இறங்கும் காற்று, உயரம்வரை நிற்கும், கோடையில் வடக்கே நகர்ந்து வலுக்கும்.

பதில் 2: மங்கோலிய எண்ணை அப்படியே நம்பாதீங்க. அங்கே தரையே பெரும்பாலும் 1000 மீட்டருக்கு மேல். கடல்மட்டத்துக்கு மாற்றும்போது தரையின் கடுங்குளிர் கீழேயும் இருப்பதாகக் கொள்வதால் அழுத்தம் கூடிவிடும். வரைபடத்தில் தரை உயரமாக உள்ள தரவுக் கட்டங்களை மறைத்துப் போட்டுப் பாருங்க.

கேட்டவர்: மறைத்தால் மையமே போய்விடுமே?

பதில் 2: போகும்தான். மேற்கு சைபீரியச் சமவெளியைப் பாருங்க, தரை தாழ்வு. அப்புறம், மாதச் சராசரியில் உயர் அழுத்த அமைப்புகளை எண்ணாதீங்க, நகர்பவை கரைந்துபோகும். 6 மணி நேரத் தரவில் மூடிய சமஅழுத்தக் கோடுகளை (ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைப்பவை) தேடணும்.